கலைமதி விட்டுவந்த பக்கம்

கலைமதி மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்ட ஒன்பதாம் நாள் காலை, அவள் விட்டுவந்த பக்கத்தில் மெத்தை ஒரு பெண்ணின் நீளத்துக்குப் பள்ளமாகிக் கிடந்தது. தொட்டால் சூடு. செஞ்சியில் அந்த வாரம் தக்காளி கிலோ எண்பதுக்குப் போனது, கோட்டை பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினேழு பஸ் வந்து இறங்கியது, திருவண்ணாமலை ரோட்டில் கரும்பு லாரி ஒன்று சாய்ந்து அரைநாள் போக்குவரத்து நின்றது. பள்ளம் விழுந்த சேதி இதற்கெல்லாம் பிறகுதான் தெருவுக்கு எட்டியது. எட்டியபோதும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பெண்டாட்டி எழுந்து போனால் அந்த இடம் சும்மாவா கிடக்கும் என்றுதான் கேட்டார்கள்.

கலைமதிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கூட்டு ரோட்டுக்குப் பின்தெருவில், வீட்டின் முன்னறையிலேயே ரவிக்கை தைக்கிறாள். கணவன் செந்தமிழன் லைன்மேன். வல்லம் வரைக்கும் எந்த டிரான்ஸ்ஃபார்மர் எப்போது மக்கர் பண்ணும் என்று கிட்டப் போகாமலே சொல்லிவிடுவான். கல்யாணத்துக்கு அவள் வீட்டார் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலில், இலவம்பஞ்சு மெத்தையில், இருபத்தோரு வருஷம் அவள் சுவரோரம், அவன் கதவோரம் என்று படுத்தவர்கள். நாற்பத்தைந்தைத் தாண்டி உடம்பு போட்டதும் அவனைக் குறட்டை பிடித்துக்கொண்டது. மல்லாந்து படுத்தான் என்றால் பீரோக் கண்ணாடி அதிரும். கலைமதி இரண்டு வருஷம் பொறுத்தாள். தூக்கம் கெட்டு, கத்தரிக்கோல் கோணலாகப் போக ஆரம்பித்து, இரண்டு பட்டு ரவிக்கைகள் வீணான பிறகு அவளுக்கு அலுத்துவிட்டது. மகள் மோனிகா நர்சிங் படிக்கப் புதுச்சேரி ஹாஸ்டலுக்குப் போனதும் அந்த அறை காலியானது. ஒருநாள் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாளே எதிர்வீட்டு வசந்தா கேட்டாள்.

"இன்னாக்கா, மோனிகா ரூம்ல ஃபேன் ஓடுது. பொண்ணு வந்துகிதா?"

"இல்ல, நான்தான் படுத்துனு இருந்தேன்."

"அண்ணன்?"

"அவரு அந்த ரூம்ல."

வசந்தா "ம்" என்றாள். அந்த ஒரு "ம்" சாயங்காலத்துக்குள் தண்ணீர் டேங்க் வரைக்கும் போய்த் திரும்பியது.

எட்டு நாள் கலைமதி அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். ஒன்பதாம் நாள் விடிந்து கண் விழித்தபோதுதான் ஒன்று உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டையே கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, யோசித்துப் பார்த்தால் இந்த அறைக்கு வந்த நாளிலிருந்தே கேட்கவில்லை. ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிக்கொண்டு ஓடினாள். செந்தமிழன் சுவரைப் பார்த்து ஒருக்களித்து, சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே அந்தப் பள்ளம். தலையிருக்கும் இடம், தோள், வளைந்த இடுப்பு, மடக்கிய முழங்கால் எல்லாம் தெளிவாகப் பதிந்திருந்தன. கலைமதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் இருந்த இடம் மெல்ல நிமிர்ந்து, மறுபடி மடங்கியது. அவளுக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் பற்றி எரிந்தது.

அவனை உலுக்கி எழுப்பினாள். "யாருங்க அது?"

"தெரில," என்றான் செந்தமிழன், கண்ணைத் திறக்காமலே. "மெதுவா பேசு. தூங்குது."

மெதுவாகப் பேசவா? இருபத்தோரு வருஷத்தில் அவள் தூங்கும்போது அவன் ஒருநாள் மெதுவாகப் பேசியதுண்டா? செல்லைக் காதில் வைத்து ஃபீடர், ஃபியூஸ் என்று கத்துகிறவன் அவன். கலைமதி அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. அவன் கூட்டு ரோட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். மற்றவர்களாக இருந்தால் கோயிலுக்கோ குறிகாரியிடமோ போயிருப்பார்கள். தையல்காரிக்குத் தெரிந்தது அளவெடுப்பதுதான். தோள் பதினாலு. தோளிலிருந்து இடுப்புவரை பதினாலரை. உயரம் ஐந்தடி ஒன்று. வெட்டு சீராக இருந்தது. யாராயிருந்தாலும் நல்ல உடம்புக்காரி என்று மனதுக்குள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அளவு நோட்டு மொத்தம் ஆறு. செஞ்சி டவுனில் பாதிப் பெண்களின் உடம்பு அதில் இருந்தது. அன்று மதியம் தையலை ஓரம் கட்டிவிட்டு ஆறையும் புரட்டினாள். தோள் பதினாலும் உயரம் ஐந்தடி ஒன்றும் சேர்ந்தாற்போலப் பதினோரு பேர் அகப்பட்டார்கள். முதல் சந்தேகம் பூங்குழலிமேல் விழுந்தது. மருந்துக் கடையில் வேலை, முப்பது வயது, சிரித்தால் கன்னத்தில் குழி. போன மாதம் அவள் வீட்டு ஃபியூஸ் போனபோது செந்தமிழன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன். கலைமதி அவளுக்கு ஆள் அனுப்பினாள். வெட்டு மேசையில் மூன்று ரஜாயை மடித்துப் போட்டு, வந்தவளை அதன்மேல் படுக்கச் சொன்னாள்.

"எதுக்குக்கா படுக்கணும்?"

"புது மொற. செல்லுல பார்த்தேன். படுத்து எடுத்தாதான் ஃபிட்டிங் கரெக்டா வரும்."

பூங்குழலி செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து, கட்டையைப்போல விறைத்துப் படுத்தாள். கலைமதி அவளை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள், வலப்பக்கம் புரட்டிப் பார்த்தாள், முழங்காலை மடக்கச் சொன்னாள். எப்படிப் போட்டாலும் ரஜாயில் விழுந்த பள்ளம் கட்டில் பள்ளத்தோடு ஒத்துவரவில்லை. மீதிப் பத்துப் பேரையும் ஒருவர்பின் ஒருவராக வரவழைத்துப் படுக்கவைத்தாள். மேல்சித்தாமூரிலிருந்து ஒருத்தி பஸ் பிடித்து வந்து படுத்துவிட்டுப் போனாள். ஒருத்திகூட அவள் இல்லை. ஆனால் படுத்து அளவெடுத்துத் தைத்த ரவிக்கைகள் உடம்போடு ஒட்டி நின்றன. அந்த ஆடி மாதம் கலைமதிக்கு இதுவரை இல்லாத அளவு தையல் வந்து குவிந்தது. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அடுத்து மெத்தைக்காரர் செல்லப்பனை அழைத்து வந்தாள். அவர் மெத்தையைப் பிரித்து, பஞ்சை வாசலில் கொட்டி அடித்து, வெயிலில் காயவைத்து, புது உறையில் திணித்துத் தைத்துக் கொடுத்தார். தலகாணி மாதிரி உப்பலாக இருந்தது. மறுநாள் விடிந்தால் பள்ளம் அதே இடத்தில், அதே முழங்கால் மடக்கில். செல்லப்பன் வந்து பார்த்துவிட்டு, இது பஞ்சில் இருக்கும் கோளாறு இல்லை, பனமலைப் பக்கம் இரண்டு வீட்டில் இதேமாதிரி இருக்கிறது, இதற்கு மறுபடி அடித்துக் கொடுத்தாலும் கூலி கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. செந்தமிழன் எங்கோ கம்பத்தின்மேல் இருந்தான். மோட்டார் மெஷின் ஓடவில்லை. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த கலைமதிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எழுந்து போய், என் சீர்க் கட்டிலில் எவளடி படுப்பது என்று உரக்கவே கேட்டுவிட்டு, அந்தப் பள்ளத்துக்குள் ஏறிப் படுத்தாள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் இடித்தது. இடுப்பில் இன்னும் கூட. ஆனால் முழங்கால் முழங்காலில் போய் உட்கார்ந்தது. இடது கை தானாகக் கன்னத்துக்குக் கீழே போனது, போன இடத்தில் உள்ளங்கைக்கென்று ஒரு குழி ஏற்கெனவே இருந்தது. பிறகு எழுந்து, பீரோவின் அடித்தட்டிலிருந்து கல்யாண ரவிக்கையை எடுத்து விரித்து அளந்தாள். தோள் பதினாலு. ஊரிலுள்ள பெண்களையெல்லாம் நோட்டில் எழுதியவள், தன்னை மட்டும் ஒருநாளும் எழுதிக்கொண்டதில்லை.

இதோடு மனசு ஆறியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குக் கலைமதியைத் தெரியாது. அடுத்தவளாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளியிருக்கலாம். நாலு பேர் கேட்க ஏசியிருக்கலாம். இவளை என்ன செய்வது? கல்யாணமான அன்றைய இருபத்திரண்டு வயது, முதுகு வலி கிடையாது, முட்டியில் சத்தம் கிடையாது, செந்தமிழனை ஒருநாளும் திட்டியது கிடையாது. அவன் கை தன்மேல் இருந்தால்தான் இவளுக்குத் தூக்கமே வரும். அவன் குறட்டை விடாமல் படுப்பது இவளுக்காகத்தான் என்று நினைக்க நினைக்கக் கலைமதிக்குச் சோறு இறங்கவில்லை. முகத்தில் அடிக்க வழியில்லாத சக்களத்தி. தினமும் விடிந்ததும் வாசல் தெளிப்பதற்கு முன்னால் போய்ப் பள்ளத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு இருக்கும். அன்றைய பொழுது வீணாகப் போகும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு காலை, காபி கொடுக்கும்போது கேட்டேவிட்டாள்.

"எனக்காக ஒருநாளு ஒருக்களிச்சுப் படுத்திருப்பீங்களா?"

செந்தமிழன் டம்ளரைக் கீழே வைத்தான். "நீ எங்க சொன்ன? சொல்லியிருந்தா திரும்பிப் படுத்திருப்பேன். தலகாணிய எடுத்துனு பூட்ட."

"அது யாருன்னு தெரியுமா, தெரியாதா உங்களுக்கு?"

"கைய கன்னத்துல வெச்சுனு தூங்குது. தெரியாம இருக்குமா," என்றான். டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு, "பேர் சொன்னா எழுந்து பூடுமோன்னு சொல்லல. நீ போன மொத வாரம் எனக்குத் தூக்கமே இல்ல, கலை. கம்பத்துல ஏறக்கொள்ள தல சுத்துச்சு. அப்பறம்தான் அது வந்துச்சு."

கலைமதிக்கு அழுகை வந்தது. அழுதாள். அவன் கரண்ட் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. உண்ட மயக்கத்தில் செந்தமிழன் கதவோரம் சாய்ந்ததும், கலைமதி தன் தலையணையோடு உள்ளே வந்தாள். சுவரோரம் பள்ளம் கிடந்தது. "தள்ளிப் படு," என்றாள் அதனிடம். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பஞ்சு மெல்லப் பெருமூச்சு விட்டு மேலே எழுந்தது, பள்ளம் நடுவுக்கு நகர்ந்தது. கலைமதி சுவரோரம் தன் இடத்தில் படுத்தாள். இடம் அவளுக்குச் சரியாக இருந்தது. இப்போது நடுவில் அவள், அந்தப் பக்கம் செந்தமிழன். கலைமதி கண்ணை மூடாமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் கழித்து அவன் தூக்கத்தில் கையைத் தூக்கினான். அது நடுவில்தான் விழும், விழுந்தால் இன்றோடு முடிந்தது, மோனிகா அறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிடலாம் என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். கை நடுவில் நிற்கவில்லை. பள்ளத்தைத் தாண்டி வந்து, ஏணி தூக்கிக் காப்புக் காய்ச்சிய அந்தக் கனத்த கை, அவள் இடுப்பின்மேல் விழுந்தது. விழுந்த கையோடு குறட்டையும் ஆரம்பித்தது. பீரோக் கண்ணாடி அதிர்ந்தது. கலைமதிக்கு அன்று மதியம் பொட்டுத் தூக்கமில்லை. ஆனாலும் அவனைத் தட்டி எழுப்பவில்லை, கையை நகர்த்தவும் இல்லை. நடுவில் படுத்திருந்தவள் குறட்டை தாளாமல் இரண்டு முறை புரண்டு படுத்தாள். படட்டும் என்று கலைமதி நினைத்தாள்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. மோனிகா லீவில் வந்தால் தன் அறையில் படுத்துக்கொள்கிறாள். குறட்டை அதிகமான நாளில் கலைமதி முழங்கையால் ஓர் இடி இடிப்பாள், செந்தமிழன் திரும்பிப் படுப்பான். கட்டில் மூன்று பேருக்குக் கொஞ்சம் நெருக்கம்தான், மழைக்காலத்தில் அது தெரிவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கலைமதி மூன்று தலையணைக்கும் உறை மாற்றுகிறாள். ஓரத்துத் தலையணை இரண்டுக்கும் பூ வேலை செய்த புது உறை, நடுத் தலையணைக்கு மட்டும் சாயம்போன பழசு.