வேலப்பன்சாவடியில் நின்ற தொள்ளாயிரம் பேர்

பூந்தமல்லி பஸ் நிலையத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோமளாவிடம் ஜெராக்ஸ் எடுக்க வருபவர்களைவிட வழி கேட்க வருபவர்கள்தான் அதிகம். மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து எந்த பஸ் எங்கே நிற்கும் என்பது வாரத்துக்கு வாரம் மாறியது. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன ஒருநாள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கடை முன்னால் ஒட்டினாள். பாரிவாக்கத்தில் அவள் வீட்டு மாடியில் குடியிருந்த ராகவன் அதைப் பார்த்தான். மதுரைக்காரன், ஐடி கம்பெனியில் வேலை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தாளை, நிறுத்தத்துக்கு ஒரு பக்கமாக, வெப்சைட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் கடை திறக்குமுன் வேலப்பன்சாவடி வரையுள்ள நிறுத்தங்களை ஒரு நடை சுற்றி வந்து, மாறியதைப் போனிலேயே திருத்திவிடுவாள். எட்டு மாதம் ஆயிற்று. ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“யாரும் பாக்கறதில்ல தம்பி. இத்த மூடிடலாம்,” என்றாள்.

“பாக்குறாங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு மூடுவோம்க்கா,” என்ற ராகவன், வெப்சைட்டுக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கருவி ஒன்றை அதில் சேர்த்தான். மறுநாள் காலை ஆபீஸ் போகும் வழியில் கடையில் நின்று, அவள் போனிலேயே அதைத் திறந்து காட்டினான். பெரிய எழுத்தில் 41 என்று இருந்தது.

“இன்னா இது?”

“இந்த நிமிஷம் உங்க வெப்சைட்டைப் பாத்துக்கிட்டிருக்கவங்க. யாருன்னு தெரியாது. எந்தப் பக்கத்தைப் படிக்கிறாங்கன்னு மட்டும் தெரியும்.”

அவள் பார்க்கும்போதே 41, 44 ஆயிற்று. எங்கிருந்தோ மூன்று பேர் சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றதுபோல் கோமளாவுக்கு உடம்பு சிலிர்த்தது. மூடுகிற பேச்சை அதன்பின் அவள் எடுக்கவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்ததிலிருந்தே மழை. மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருந்தவள் போனைத் திறந்தாள். 310. தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் 500. பிறகு 900. கீழே இருந்த பட்டியலில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள்: வேலப்பன்சாவடி.

அங்கே ஏதோ ஆகியிருக்கிறது. ஷேர் ஆட்டோ ஓட்டும் கொழுந்தன் எத்திராஜுக்குப் போன் போட்டாள்.

“எங்க கீற?”

“வேலப்பன்சாவடிலதான் அண்ணி. கீழ ரோட்ல முட்டியளவு தண்ணி. பஸ் ஒன்னும் எறங்கல, அல்லாம் மேம்பாலத்து மேலயே போவுது. பாவம், காலேஜ் புள்ளைங்கோ கடைப்படில ஏறி நின்னுகினு கீதுங்கோ.”

“அத்தினி பேரும் என்னைத்தான் கேட்டுகினு கீறாங்கோ, எத்திராஜு.” பட்டியலை இன்னொரு முறை பார்த்தாள். “பூந்தமல்லி பக்கம் பாலம் எறங்கற எடத்துக்குப் போ. அங்க பஸ்ஸ நிறுத்துவாங்களான்னு கேளு.”

பத்து நிமிடத்தில் அவன் கூப்பிட்டான். போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். போனை வைக்காமலே கோமளா அந்தப் பக்கத்தின் உச்சியில் எழுதினாள்: ‘கீழே காத்திருக்காதீர்கள். பூந்தமல்லி பக்கம் மேம்பாலம் இறங்கும் இடத்துக்கு நடந்து வாருங்கள். பஸ் அங்கே நிற்கும்.’

இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எத்திராஜ் கத்தினான்.

“அண்ணி! ஒரு பொண்ணு போனைப் பாத்துட்டு எறங்கி நடக்குது... பக்கத்துல கீறவங்களுக்குக் காட்டுது... ஐயோ, அல்லாரும் எறங்கறாங்கோ அண்ணி! ரோடு முழுக்கக் கொடையா வருது!”

கோமளா கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் தட்டிய மூன்று வரிக்கு, கண்ணுக்கே தெரியாத தொள்ளாயிரம் பேர் மழையில் திரும்பி நடக்கிறார்கள்.

பஸ்கள் நின்று ஏற்றிக்கொண்டு போகப்போக எண் இறங்கியது. 700. 420. 150. ராகவன் ஆபீஸிலிருந்து கூப்பிட்டான். “எங்க கம்பெனி வெப்சைட்ல இந்த நம்பர் குறைஞ்சா எங்களுக்குத் திட்டு விழும்க்கா. இன்னைக்கு உங்க நம்பர் குறையக் குறைய ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டுறோம்.”

ஐந்தரைக்கு 1 என்று நின்றது. நகரவே இல்லை. ராகவனுக்குப் போன் போட்டாள்.

“ஒருத்தர் இன்னும் கீறாங்க தம்பி. அங்க யாருமே இல்லன்றானே எத்திராஜு?”

“அது நான்தான்க்கா. அந்தப் பக்கத்தை மூட மனசு வரல.”

கோமளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதிரே ஒரு பஸ் வந்து நின்று, சொட்டச் சொட்ட நனைந்த பிள்ளைகள் இறங்கினார்கள். அவள் மழையில் இறங்கி நின்று, அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.