பிரேக்கைத் தேடும் கால்

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. பேருந்து குலுங்கி நின்றது. பின்னிருக்கையில் ஒருவர், "பொம்பளைகிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். பலர் சிரித்தார்கள். முன்னிருக்கையில் இருந்த நான் வேறொன்றைப் பார்த்திருந்தேன்: பிரேக்கை மிதிக்குமுன் ஓட்டுநர் குனிந்து தன் காலைத் தேடினார். இதற்குமேல் வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "வறுமையில் வாடி வெளுத்துப்போன அந்தப் பெண்—"

(அடித்துவிட்டேன். இவருக்கு ரத்தசோகை என்று முடிவு செய்ததும் கை தானாகப் பட்டினியை எழுதுகிறது. இவர் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுபவர். சாப்பாட்டிலுள்ள பி12 வைட்டமினை உடல்தான் உறிஞ்சுவதில்லை. அது இல்லாமல் ரத்த அணுக்கள் சரியாக உருவாகா; நரம்பும் கெடும், கால் மரத்துப்போகும்.)

3

நடத்துநர் அவரை அக்கா என்பார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, ரோட்டைப் பாருங்க. கீழ என்ன புதையலா கிடக்கு?"

"காலு பிரேக்குல இருக்கான்னு பாக்குறேன் தம்பி."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்னு சத்து மாத்திரை குடுத்தாரு. டிப்போல சொல்லிடாத. வண்டியப் புடுங்கிடுவாங்க."

4

எனக்குப் பற்றிக்கொண்டு வரும் இடம் இது. அந்த மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருந்தன. ஃபோலிக் அமிலம் ரத்த அளவை உயர்த்தியது. பி12 கிடைக்காத நரம்போ அழிந்துகொண்டே போனது. மறுமுறை மருத்துவர் ரத்தப் பரிசோதனை அறிக்கையை மட்டும் பார்த்தார்.

"ரத்தம் ஏறியிருக்கேம்மா. அப்புறமென்ன?"

"காலு மரத்துப்போகுது சார்."

"நாள் முழுக்க உக்காந்தா மரத்துத்தான் போகும்."

வீட்டில் கணவர்: "ரத்தந்தான் ஏறிடுச்சே. இன்னும் என்ன சாக்கு?"

(இவரைக் கொஞ்சம் நல்லவராக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவர் அன்று மாலை தேநீர் போட்டு—

வேண்டாம்.)

5

முடிவு ஒன்று: பி12 ஊசி போடுகிறார்கள், அக்கா மறுபடி ஓட்டுகிறார். (முதல் தடவையே மருத்துவர் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் இதை எழுதியிருப்பேன். ரத்தம் தேறிவிடும். காலின் உணர்வு எவ்வளவு திரும்பும் என்று இனி யாரும் உறுதி சொல்ல முடியாது.)

முடிவு இரண்டு: சிக்னலில் பேருந்து நிற்காமல்—

(எழுத மாட்டேன். ஒருவர் செத்தால்தான் இவர் சொன்னதை நம்புவீர்களா?)

மூன்றாவது உங்களுடையது. இன்று காலை அக்காவே டிப்போவில் சாவியை மேசைமேல் வைத்தார். "காலு தெரியல சார். ஓட்ட மாட்டேன்." இப்போது அதே மருத்துவரின் முன் உட்கார்ந்திருக்கிறார். மருத்துவர் அறிக்கையைப் பிரிக்கிறார்.

மருத்துவரின் அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். காலைப் பார்க்கட்டும் என்று அக்கா செருப்பைக் கழற்றிவிட்டார்.