அயடீனின் இடம்

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடிவந்தபோது, பள்ளிக்கூடத்து ஆய்வுகூடச் சாமான்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்தவர் ஏரம்பு. வழியில் கொட்டிய மழை போத்தல்களில் ஒட்டியிருந்த பெயர்களையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. எதற்குள் என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அக்கராயனில் ஓலைக்கொட்டிலில் இரசாயனம் படிப்பித்த விமலேஸ்வரிக்கு அது பெரிய கவலையாக இருந்ததில்லை. வாயாலேயே பாடத்தை ஓட்டிவிடுவாள்.

அன்றுதான் கவலை வந்தது. அவளுடைய மாணவி பிரேமிளாவின் காலில் ஷெல் துண்டு பட்டு, புண் சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கழுவ மருந்தில்லை. மருந்து லொறியை ஆமிக்காரர் வவுனியாவிலேயே மறித்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அயடீன் இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் நாளைக்கு முழங்காலோடு கழற்றத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். செய்தி கொண்டுவந்த தாய், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அழகம்மா, வாசலில் நின்றாள்.

விமலேஸ்வரி போத்தல்களை நிலத்தில் பரப்பி இனம் இனமாகப் பிரித்தாள். போன கிழமைதான் ஆவர்த்தன அட்டவணை படிப்பித்திருந்தாள். மென்டலீவ் மூலகங்களை நிறைப்படி அடுக்கிக்கொண்டு வந்தவன், அயடீனில் வந்து முட்டுப்பட்டான். நிறைப்படி அது தெலூரியத்துக்கு முன்னால் வரவேண்டும். அவன் அசையவில்லை. குணத்தைப் பார்த்து, குளோரீன், புரோமீன் என்ற அதன் சொந்தக்காரரோடேயே இருத்திவிட்டான். "அப்ப நிறை பொய்யோ ரீச்சர்?" என்று கேட்டவள் பிரேமிளாதான்.

கடைசியில் ஒரு கறுத்த கண்ணாடிப் போத்தல் மிஞ்சியது. மூடியைச் சுற்றி மண்ணிறக் கறை. விமலேஸ்வரி அதை எடுத்துப் பக்கத்தில் நின்ற ஏரம்புவிடம் நீட்டினாள்.

ஏரம்பு அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். "ரீச்சர், இது பாரமில்லை."

"பாரத்தைப் பாக்காதேங்கோ அண்ணை, குணத்தைப் பாருங்கோ. இது அயடீன்தான்."

அவள் சொன்னது சரி. அது அயடீன் போத்தல்தான். வாங்கித் திறந்தாள். உள்ளே அயடீன் பளிங்கு ஒரு மணிகூட இல்லை. உருகாமலே ஆவியாகிப் போகிற சாமான் அது. தளர்ந்த மூடிக்குள்ளால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் போய் முடிந்திருந்தது. அதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். படித்த படிப்பின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

வாசலில் நின்ற அழகம்மாவுக்குப் போத்தல் மட்டும் தெரிந்தது. ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"கெடைச்சிருச்சா டீச்சர்?"

விமலேஸ்வரி போத்தலை அந்தக் கைகளில் வைத்தாள். அதன் பாரமே தாய்க்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.