வெள்ளைக் கழுத்துக் காக்கை

அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஊரறிந்த கதை. ஆனால் அன்று போட்டோ ஸ்டுடியோவுக்குள் அவள் நுழைந்த வேகத்தைப் பார்த்துத் தம்பி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

பதினொரு நாள் சதுப்பு நிலத்தில் முழங்கால் சேற்றில் தவம் கிடந்து அவள் எடுத்த படங்கள். கழுத்தில் வெள்ளைப் பட்டை உள்ள அபூர்வக் காக்கை ஜோடி ஒன்று அங்கே ஒரு மரத்தில் கூடு கட்டியிருந்தது. அதை நிரூபித்தால் சதுப்பை மூடிச் சாலை போடுவதை வனத்துறை நிறுத்திவிடும்.

படங்களை அனுப்பும் வேலையைத் தம்பியிடம் விட்டதுதான் பிழை. பத்து வருடமாகக் கல்யாணப் படங்களுக்கு மெருகேற்றிய கை சும்மா இருக்குமா? கழுத்து வெள்ளையை வெயில் பளபளப்பு என்று நினைத்து, எல்லாப் படத்திலும் கறுப்பு பூசி அனுப்பிவிட்டான். வழக்கம்போல் கேமரா கார்டையும் அழித்துவிட்டான். இது சாதாரணக் காக்கை என்று வனத்துறையிலிருந்து அன்று பதில் வந்திருந்தது.

“காக்கான்னா கறுப்பாத்தானேக்கா இருக்கணும்?”

“அதை அழகுபடுத்தச் சொல்லி உன்கிட்ட எவன்டா அழுதான்?”

அவனையும் இழுத்துக்கொண்டு சதுப்புக்கு ஓடினாள். மண் அள்ளும் இயந்திரம் அதற்குள் வந்து போயிருந்தது. மரம் சாய்ந்து கிடந்தது. பக்கத்துக் கம்பத்தில் அந்த ஜோடி, வெள்ளைக் கழுத்து பளிச்சென்று தெரிய உட்கார்ந்து கத்தியது. படம் எடுத்து அங்கிருந்தே அனுப்பினாள். வனத்துறை அதிகாரி போனில் பறவையை ஒப்புக்கொண்டார். ஆனால் பறவை எங்கேயும் வந்து உட்காரும், கூடுதான் வேண்டும் என்றார். சேற்றில் குனிந்து, நசுங்கிய கூட்டையும் உடையாமல் கிடந்த ஒரே முட்டையையும் படம் எடுத்து அனுப்பினாள்.

“முட்டையை மட்டும் வச்சு எந்தக் காக்கான்னு சொல்ல முடியாதும்மா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

அவளுக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அப்போது பின்மண்டையில் சுரீரென்று ஒரு கொத்து விழுந்தது. முட்டையின் அருகே அவள் குனிந்திருந்தது பெற்ற பறவைகளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டும் மாறி மாறிப் பாய்ந்தன. காதோரம் ரத்தம் வழிந்தது.

தம்பி துண்டை எடுத்து விரட்ட ஓடி வந்தான்.

கேமராவை அவன் கையில் திணித்துவிட்டு, அவள் கூட்டின் மேல் இன்னும் நன்றாகக் குனிந்தாள்.

“எடுடா. வெள்ளைக் கழுத்தும் கூடும் ஒண்ணா விழணும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே.”