சோப்பு அலமாரி

சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னபோது, நர்ஸ் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கும் ரோசரி சிஸ்டர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குட்டையைப் பார்த்துத்தான் சந்திரம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு என்ன சிஸ்டர் வியாதி? காய்ச்சல் இல்ல, வயித்துப்போக்கு இல்ல."

"வியாதி இல்லாமலே கிருமியச் சுமக்கறே. உன் மலத்துல இருக்கற கிருமி எந்த மருந்துக்கும் சாகலைன்னு லேப்ல சொல்லிட்டாங்க. குழந்தைங்க வார்டுல பேதி நிக்காததுக்கும் அதே கிருமிதான்."

"மத்தவங்களோடதையும் பாத்தாங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? உங்கம்மா ஸ்ரீரங்கத்துல என்ன வேலை பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அம்மா காளியாயி கொல்லைப்புறச் சந்துகளில் எடுப்புக் கக்கூஸ் அள்ளுகிறவள். மகளைப் பார்க்கக் காவிரிப் பாலத்தின் இந்தப் பக்கம் வரைதான் வருவாள். தின்ன ஒன்றும் கொண்டுவர மாட்டாள். "வெள்ளை உடுப்பு அழுக்காயிடும், தள்ளி நில்லு" என்பாள். மகள் நர்ஸாகிவிட்டால் மலம் சுமக்கும் வாளியைக் காவிரியில் வீசிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கடைசிப் பரீட்சை மட்டும்தான் பாக்கி.

சந்திரம்மாள் பெட்டியைக் கட்டவில்லை. வார்டில் கழுவிக் கவிழ்த்திருந்த காலி பென்சிலின் பாட்டில்களை ஒரு ட்ரே நிறைய அள்ளிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. காலையில லேபுக்குக் குடுக்கணும்."

கூடப் படிக்கும் அமலராணி முகத்தைச் சுளித்தாள். "சீ, என்னடி இது. யாரு கொண்டு போறது?"

"நான்தான். எங்கம்மா ஊரோடதையே தூக்கறா. உங்களோடத நான் தூக்க மாட்டேனா?"

கடைசியில் கமர் ஜஹான்தான் ஒரு பாட்டிலை எடுத்தாள். "மெஸ் சாம்பாரத் தின்னுட்டு இவ்வளவு சின்ன பாட்டில்ல எப்படிடி அடக்கறது?" என்றாள். அறையே சிரித்தது. அமலராணியும் கை நீட்டினாள்.

மறுநாள் காலை ரோசரி சிஸ்டர் லேபுக்கு ஓடி வந்தபோது, லேப் டாக்டர் அருள்நாதனின் மேசைமேல் ட்ரே இருந்தது.

"நீ இன்னும் போகலையா?"

"டாக்டர், இவங்க எங்கிட்ட மட்டும்தான் வாங்கி அனுப்பினாங்க" என்றாள் சந்திரம்மாள்.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். "வார்டுக்கு வர்ற எல்லாரோடதையும்னுதானே நான் கேட்டேன்?"

"நேரம் இல்ல டாக்டர். அதான் சந்தேகமான இடத்துலேர்ந்து..."

சந்திரம்மாள் மிச்சமிருந்த ஒரு காலி பாட்டிலை சிஸ்டர் முன்னால் வைத்தாள்.

"நீங்களும் வார்டுக்கு வர்றீங்களே சிஸ்டர்."

சிஸ்டரின் முகம் சிவந்தது. டாக்டர் தனக்கும் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டார். "குடுங்க சிஸ்டர், நானும் குடுக்கறேன். முடிவு வர்ற வரைக்கும் யாரும் எங்கேயும் போக வேண்டாம்."

முடிவு வந்த அன்று டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகள் மேசை முழுக்கப் பரவியிருந்தன. "கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் அதே கிருமி. உங்ககிட்டயும், என்கிட்டயும். ஹாஸ்டல்ல ஏதாவது மருந்து குடுக்கறீங்களா?"

சந்திரம்மாள் சொன்னாள். சனிக்கிழமைதோறும் சிஸ்டர் மெஸ் வாசலில் நிற்பார். வார்டில் மிஞ்சிய மஞ்சள் கேப்சூல்களைப் சர்ச் பூசையில் நன்மை அப்பம் கொடுப்பதுபோல் ஒவ்வொருத்தி நாக்கிலும் வைப்பார். வயிறு கெட்டு யாரும் லீவு போடக் கூடாதாம்.

"வீணாப் போற மருந்துதானே டாக்டர். நானும் போட்டுக்கிட்டேன். புள்ளைங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"மருந்துக்குச் சாகறது செத்துப்போச்சு. சாகாதது தங்கிப் பெருகிடுச்சு. அதத்தான் எல்லாரும் கையில எடுத்துட்டுப் போய்க் குழந்தைங்களுக்குக் குடுத்திருக்கோம்."

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாருக்கும் இருந்தா யாரையும் அனுப்ப முடியாது. பேச்சு வெளியே போக வேண்டாம். சந்திரா, நீ டியூட்டிக்குப் போ" என்றார்.

அவ்வளவுதான். ஒருத்தியிடம் இருந்தபோது அது அவள் பிறப்பு. எல்லாரிடமும் இருக்கிறது என்றதும் ஒன்றுமே இல்லை. சந்திரம்மாள் கையை நீட்டினாள்.

"சோப்பு அலமாரிச் சாவி குடுங்க சிஸ்டர்."

"சோப்பு பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும்தான்..."

"மாத்திரைய அள்ளிக் குடுத்தீங்க, சோப்பப் பூட்டி வச்சீங்க. வெறும் தண்ணியில கையக் கழுவிட்டுத்தான் நாங்க குழந்தையத் தூக்கறோம். சாவி இல்லாம நான் டியூட்டிக்குப் போக மாட்டேன்."

டாக்டர் சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, மேசை ஓரத்தில் வைக்கப் போனார்.

நீட்டிய கையைச் சந்திரம்மாள் மடக்கவில்லை.

"மேசையில வேண்டாம். கையில குடுங்க."

சிஸ்டரின் விரல்கள் அவள் உள்ளங்கையில் பட்டன. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சந்திரம்மாள் வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"வாங்க சிஸ்டர். முதல்ல நீங்க கழுவுங்க."