பச்சை ஒயர்

காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாடியாவுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது, பத்து மணிக்குள் சாஸ்கட்டூன் நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நாலு வருஷமாக, ரத்தத்தைச் சுத்தம் செய்ய வயிற்றில் வைத்த குழாயோடு அந்த ஒரு போனுக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். போக மூன்று மணி நேரம் பிடிக்கும். அவள் கணவன் ஓரெஸ்ட் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினான்.

வெளியே மைனஸ் நாற்பது. சாவியைத் திருப்பினான். கார் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது.

அந்தக் குளிரில் ராத்திரி முழுக்க இன்ஜின் ஹீட்டரைக் கரண்டில் மாட்டி வைக்காவிட்டால் கார் வெறும் இரும்புதான். ஓரெஸ்ட் மாட்டித்தான் வைத்திருந்தான். எதில்? தடித்த ஆரஞ்சு எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பக்கத்துப் பண்ணை வால்டருக்கு இரவல் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸ் விளக்குக்கு வாங்கிய பச்சை ஒயர் மூன்றை ஒன்றோடொன்று சேர்த்திருந்தான். முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த மனுஷன்! கம்பி மெலிந்தாலும் நீண்டாலும், இணைப்பில் களிம்பு ஏறினாலும் கரண்டு வழியிலேயே சூடாகித் தீர்ந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தானாம். புத்தி எங்கே போயிற்று?

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். இரண்டாவது இணைப்பில் பனி உருகிக் குழி விழுந்திருந்தது. அதற்குள் பிளக் கருகிக் கிடந்தது. இன்ஜினுக்குப் போக வேண்டிய சூடு அந்தக் குழிக்குப் போயிருந்தது.

ஊரின் ஒரே ஆம்புலன்ஸ் வேறு யாரையோ ஏற்றிப் போயிருந்தது. வால்டருக்குப் போன் போட்டான்.

"உன் ஒயர்ல மாட்டியிருந்தேன்டா, என் வண்டி ஜம்முன்னு கிளம்பிடுச்சு. ஆனா ரோடு பூரா பனி. அங்க வந்து சேரவே ஒண்ணரை மணி நேரம் ஆகும்."

கணக்குப் போட அவனுக்குக் காகிதம் தேவைப்படவில்லை; போய்ச் சேரப் பத்தரை தாண்டிவிடும். நாடியா கோட்டோடு, பையோடு வாசற்படியில் நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"நான்தான்... பச்சை ஒயர்ல மாட்டிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரியிடம் நேரத்தைச் சொன்னாள். மறுமுனை பேசியதைக் கேட்டுக்கொண்டாள்.

"சரிம்மா. லிஸ்ட்ல அடுத்து இருக்கறவங்களையே கூப்பிடுங்க."

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, வழக்கமான மருந்துப் பையைக் குழாயில் பொருத்தினாள். உதவப் போனவனை வேண்டாம் என்று தள்ளினாள்.

ஏழே முக்காலுக்கு வால்டர் வந்து சேர்ந்தான். அவன் தோளில் ஆரஞ்சு ஒயர்.

"அதுல காரை மாட்டி வை," என்றாள் நாடியா. "மறுபடி கூப்பிடுவாங்க."

ஓரெஸ்ட் மாட்டினான். மத்தியானம் சாவியின் முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.