பின்பக்க ஸ்பீக்கர்

இந்திராணி வீணைக் கச்சேரி டிஸ்க்குக்குள் போனது வெள்ளிக்கிழமை. மறுநாள் மதியத்துக்கு மேல் அவளை வெளியே எடுக்க முடியாது என்று அவள் கணவர் தெய்வசிகாமணிக்குத் தகவல் வந்தது.

பிளேயரே தகவல் சொன்னது. சனிக்கிழமை காலை டிவி திரையில் நீல எழுத்து ஓடியது. 'உங்கள் பிளேயர் இன்று மதியம் புதுப்பிக்கப்படும். எங்கள் ஆள் புறப்பட்டுவிட்டார்.'



அந்த டிஸ்க்கில் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கை எந்த மெஷினும் பாடும். கீழ் அடுக்கு நுட்பமானது. வித்வான் மூச்சு விடுவதுகூட அதில் இருக்கும். அந்த அடுக்கைக் கேட்கலாம்; நகலெடுக்க முடியாதபடி பூட்டு உண்டு. சில பழைய பிளேயர்களுக்கு மட்டும், பென் டிரைவில் ஒரு சின்ன புரோகிராம் போட்டுச் செருகினால், பூட்டு மறந்துபோகும். உள்ளே இருப்பதை, ஆளே இருந்தாலும், ஃபைல் ஃபைலாக உருவி லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளலாம். தெய்வசிகாமணியிடம் இருந்தது அப்படிப்பட்ட பிளேயர். அப்டேட் ஆகிவிட்டால் அது யோக்கியமாகிவிடும்.

இந்திராணி உள்ளே போனதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கைரேகையாகக் கிடக்கிறதே என்று டிஸ்க்கைத் துடைத்தாள். நடு ஓட்டையிலிருந்து விளிம்பு வரை நேர்கோட்டில் துடைக்க வேண்டும். அவள் வட்டமாகத் துடைத்தாள். வட்டமாகத் துடைத்தால் அப்படித்தான்.

அப்போது தெய்வசிகாமணி சோபாவில் உட்கார்ந்து வேறு ஒரு கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நின்று ஏதோ சொன்னாள். அவர் திரும்பவில்லை. பாட்டு ஓடும்போது அவர் திரும்புவதில்லை.

எதிர்வீட்டு நஞ்சப்பன்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்க்கை இரவல் வாங்கிப் போயிருந்தவர், காலையில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஏனுங்க, உங்க வீட்டம்மா இதுக்குள்ள இருக்காங்களாட்ட இருக்குது."

"நேத்திலிருந்து கோயில்லதான் இருக்கான்னு நெனச்சனுங்க."

"இல்லீங்க. மூணாவது பாட்டுல. பின்னாடி இருந்து, குக்கர் மூணு விசில் வந்துருச்சு, ஸ்டவ்வ நிறுத்துங்கன்னு சொல்றாங்க."

தெய்வசிகாமணி சமையலறைக்கு ஓடினார். குக்கர் கரியாகி இருந்தது. நஞ்சப்பன் சொன்னது நிஜம்தான்.

அவர் அந்த டிஸ்க்கைத் தன் பிளேயரில் போட்டுக் கேட்டார். வீணை கேட்டது. இந்திராணி கேட்கவில்லை.

"எங்க வீட்டுல அஞ்சு ஸ்பீக்கருங்க" என்றார் நஞ்சப்பன் கூச்சத்தோடு. "பழைய பிளேயருக்கு எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தானுங்க."

தெய்வசிகாமணி வீட்டிலும் ஐந்து வாங்கியிருந்தார்கள். பின்சுவரில் இருந்த இரண்டின் ஒயரையும் அவர்தான் பிடுங்கிப் போட்டார். மனுஷனுக்குக் காது இரண்டுதான் என்பது அவர் கட்சி. "முதுகுப் பக்கம் பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளே, அதுக்கொரு காது வேண்டாமா?" என்று இந்திராணி அன்றைக்கே கேட்டாள். அந்த ஸ்பீக்கர்கள் மேல் இப்போது துண்டு காய்கிறது.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

தெய்வசிகாமணி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறச் சட்டை, தோளில் பை. கம்பெனி ஆள்.

அவர் உள்ளே பாய்ந்தார். பென் டிரைவைச் செருகினார். பிளேயர் நாக்கை நீட்டுவதுபோலத் தட்டை நீட்டியது. டிஸ்க்கை வைத்தார். உள்ளே இழுத்துக்கொண்டது. நெட் கேபிளின் ஒரு முனை பிளேயரில், மறு முனை லேப்டாப்பில். இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை உள்ளே போனது.

கம்பெனி ஆள் முதல் மாடிக்கு வந்துவிட்டார். அங்கே மிக்ஸியை அப்டேட் செய்தார். அதன் பிறகு அது மரியாதையாகத்தான் அரைத்தது.

லேப்டாப் கேட்டது: 'இரண்டு சேனலா, ஐந்து சேனலா?'

"அஞ்சு போடுங்க" என்றார் நஞ்சப்பன்.

"அதுக்கு ரொம்ப நேரமாகுமுங்க."

"பின்னாடிதானுங்க அவங்க குரல் வந்துச்சு."

"நஞ்சப்பன், நான் பம்ப் கம்பெனில இருவது வருசமா மோட்டாரோட சத்தத்த வெச்சே பழுது சொல்றவன். மனுஷனுக்குக் காது ரெண்டுதானுங்க. அவ எங்க இருந்தாலும் இந்த ரெண்டுல வந்துதான் ஆகணும்."

இரண்டாம் மாடியில் கம்பெனி ஆள் ஒரு மாமனாரை அப்டேட் செய்துகொண்டிருந்தார். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த கிழவர் பாதி வார்த்தையில் நின்றார். அதன் பிறகு, "அப்படியா, சரிங்க" என்று மட்டும் கேட்டது.

தெய்வசிகாமணி இரண்டை அழுத்தினார்.

நஞ்சப்பனின் பாதம் பச்சையானது.

டிஸ்க்கில் எத்தனை பங்கு லேப்டாப்பில் இறங்கியிருக்கிறது என்று காட்டுவது நஞ்சப்பன்தான் என்பது புரிந்தது. அவர் வாசலில் அசையாமல் நின்றார். பச்சை கணுக்காலுக்கு ஏறியது.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க. கொஞ்சம் ஜில்லுனு இருக்குது."

முழங்கால் வந்தது. தொடை வந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் மூன்றாம் மாடிக்கு ஏறியது. இவர்கள் இருப்பது நான்கில்.

இடுப்பில் பச்சை நின்றுவிட்டது.

"என்னாச்சுங்க?"

"தெரியலீங்க. கரண்டு போற மாதிரி இருக்குது" என்றார் நஞ்சப்பன். அவர் இடுப்பு விளக்குபோல விட்டு விட்டு எரிந்தது.

தெய்வசிகாமணிக்கு உடனே பிடிபட்டது. பிளக். ஃபிரிட்ஜ் ஓடும் லைனில் பிளேயரைச் சொருகினால் இசையில் அழுக்கு சேரும் என்று, பிளேயருக்கு மட்டும் தனி லைன் இழுத்திருந்தார். அந்தப் பிளக் பாயிண்ட் பின்சுவரில், ஸ்பீக்கருக்குக் கீழே. அது எப்போதும் லூஸ். மாற்ற வேண்டும் என்று இந்திராணி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் சோபாவைச் சுற்றிக்கொண்டு பின்சுவரை நோக்கி ஓடினார்.

ஹால் நீண்டது.

முதலில் அவர் கவனிக்கவில்லை. டைல்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. துணி காயும் கொடியைத் தாண்டினார். அதற்கப்புறம் ஒரு டீக்கடை. பாய்லர் கொதித்தது. கடைக்காரர், "இந்தப் பக்கமெல்லாம் நீங்க வந்ததே இல்லீங்களே" என்றார்.

"அவசரமுங்க."

"உங்க வீட்டம்மா தெனமும் வருவாங்க. சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ஞ்சு போச்சுன்னு ஒரு டீ குடிச்சுட்டுப் போவாங்க."

பின்சுவர் வந்தது. பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணி கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்தார். தூரத்தில், வாசலில், தீக்குச்சி அளவு தெரிந்த நஞ்சப்பனின் மார்பு பச்சையானது. பிறகு கழுத்து.

"கையை எடுத்துராதீங்க!" என்று நஞ்சப்பன் கத்தியது மெலிதாகக் கேட்டது.

அவர் எடுக்கவில்லை. நஞ்சப்பன் உச்சந்தலை வரை பச்சையானார். எங்கோ மணி அடித்தது.

தட்டு வெளியே வந்தது. அதிலிருந்து ஒரு ஆள் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சோபாவில் போய் உட்கார்ந்தார்.

இந்திராணி இல்லை. தெய்வசிகாமணி.

பின்மண்டை வழுக்கையைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. தன் பின்மண்டையை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் சந்தேகமே இல்லை.

"ஏய்!" என்று கத்தினார். "அது நான் இல்ல! நஞ்சப்பன், அது நான் இல்லீங்க!"

நஞ்சப்பன் வேலை முடிந்த ஆளாகத் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கத்தாதீங்க" என்றது பக்கத்தில் ஒரு குரல். "நான் கத்திப் பாத்துட்டனுங்க."

இந்திராணி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் அதே துடைக்கும் துணி. முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"உன்னை வெளிய எடுக்கத்தான் பாத்தேன்."

"தெரியுமுங்க. ரெண்ட அமுக்கினீங்க."



காலிங்பெல் அடித்தது. சோபாவில் இருந்தவர் போய்த் திறந்தார். கம்பெனி ஆள் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பையிலிருந்து எதையோ எடுத்துப் பிளேயரில் சொருகினார். பிளேயர் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். யோக்கியமாகிவிட்டது. தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு வீணையைத் தொடங்கியது.

"அப்பறம் அந்த பின்னாடி ஸ்பீக்கருங்க? கனெக்ஷன் இல்லாமக் கெடக்குதே" என்றார் கம்பெனி ஆள்.

"மனுஷனுக்குக் காது ரெண்டுதானுங்க" என்றார் சோபாக்காரர்.

"கழட்டிரட்டுங்களா?"

"வேண்டாம்!" என்று தெய்வசிகாமணி அலறினார். "கழட்டாதீங்க! நாங்க ரெண்டு பேர் இருக்கறோம்! திரும்புங்க! ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க!"

சோபாவில் இருந்தவர் கையை உயர்த்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பிரமாதமான ரெக்கார்டிங்குங்க" என்றார் அவர் கம்பெனி ஆளிடம். "பின்னாடி யாரோ கத்தற மாதிரியே ஒரு பிரமை வருது பாருங்க. கழட்டிருங்க."

கம்பெனி ஆள் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவர்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார். முன்னால் வீணை ஓடிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணிக்கு இங்கிருந்து அது ஒரு முணுமுணுப்பாகத்தான் கேட்டது. சொல்லிச் சொல்லி யாரும் திரும்பாத முணுமுணுப்பு.

"வந்துட்டே இருக்கறான், இந்திராணி."

"டீக்கடையத் தாண்டணுமில்லங்க. எல்லாரும் அங்க ஒரு டீ குடிப்பாங்க."

கம்பெனி ஆள் துணிக்கொடியைக் குனிந்து தாண்டினார். டீக்கடையில் நின்றார். கடைக்காரர் டம்ளரைக் கழுவுவது தெரிந்தது.

இந்திராணி ஸ்பீக்கர் மேல் காய்ந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். ஸ்பீக்கரின் கறுப்பு வலையில் அப்பியிருந்த தூசியைப் பார்த்தாள். துடைக்கும் துணியின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

"வாங்க, ஆளுக்கொரு பக்கம் துடைக்கலாம். நேராங்களா, வட்டமாங்களா?"

கம்பெனி ஆள் டம்ளரைக் கீழே வைத்தார்.

தெய்வசிகாமணி துணியைப் பிடித்துக்கொண்டார்.

"வட்டமா" என்றார்.